வேலி மரங்களின் சமன்பாடு

நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'வேலி மிஸ்' என்று சொல்வது எனக்குத் தெரியும். தேத்தண்ணி போடும் அறையின் கதவு சரியாகச் சாத்தாது என்பது இந்த அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்குத் தெரியாதா? கோபமில்லை. பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அது எங்கே இருந்து வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். எங்கே இருந்து வந்தது என்று கேட்காமல் ஒன்றை எடுத்துப் பாவிக்கிற பழக்கம் மரம் அளக்கிற நம்முடைய தொழிலுக்கு ஆகாது. ஆகவே கேளுங்கள், நானே சொல்கிறேன்.

நிற்கிற மரத்தைத் தறிக்காமலே அதற்குள் எவ்வளவு பலகை இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. நெஞ்சுயரத்தில் ஒரு சுற்றளவு, மரத்தின் உயரம், இந்த இரண்டையும் சமன்பாட்டில் போட்டால் அடிமரம் மேலே போகப் போக எப்படி ஒடுங்குகிறது என்பதும் மொத்தக் கனவளவும் வந்து விழவேண்டும். அந்தச் சமன்பாட்டை உருவாக்குவதற்கு மட்டும் கொஞ்ச மரங்களில் உண்மையாகவே ஏணி வைத்து ஏறி, அடிக்கு அடி சுற்றளவு எடுக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வேம்புக்கு அப்படி ஒரு கணக்கு அதுவரை இருக்கவில்லை. எங்கோ காட்டில் வளர்ந்த மரங்களின் அட்டவணையை வைத்து இங்கே வீட்டு வளவுக்குள் நிற்கிற வேம்பை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செய்து காட்டுகிறேன் பார் என்று இறங்கினேன்.

என்னோடு ஜெகன் இருந்தார். ஏணியில் ஏறுவதும் அவர், கணினியில் பதிவதும் அவர். கீழே நின்று சத்தம் போடுவது நான். முதல் நாளே அவருக்கு ஒரு கட்டளை போட்டேன்.

"ஜெகன், சனத்தோடை மல்லுக்கு நிக்காதையும். வீட்டுக்காரர் எந்த மரத்தைக் காட்டுகினமோ அதை அளவும். அவையின்ரை வளவு, அவையின்ரை மரம்."

என்ன நல்ல மனது பாருங்கள் எனக்கு! அந்த ஒரு வசனத்தில்தான் முழுக் கேடும் இருந்தது.

கொக்குவில், இணுவில் என்று வீடு வீடாகப் போனோம். படலையைத் திறந்ததும் நாய் குரைக்கும், வீட்டுக்காரர் நாயை ஏசுவார், பிளேன்டீ வரும். பிறகு எங்களை நேரே கூட்டிக்கொண்டுபோய் ஒரு மரத்தடியில் விடுவார்கள். சந்தோசமாகக் காட்டுவார்கள். "வடிவாய் அளவுங்கோ மிஸ், ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ" என்பார்கள். விஞ்ஞானத்தில் எங்கள் சனத்துக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் புல்லரித்தது. பக்கத்து வீட்டுக்காரரும் ஓடிவந்து நின்று பார்ப்பார். சில இடத்தில் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்தது.

எல்லாம் அளந்து முடிந்து வரைபைப் போட்டுப் பார்த்தால், அட கடவுளே, புள்ளிகள் எல்லாம் என் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உயிருள்ள மரங்கள் இப்படி ஒழுங்காக நிற்பதை நான் கண்டதேயில்லை. நீங்களாவது கண்டால் சந்தேகப்படுங்கள். நான் அந்த வரைபைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் காட்டினேன். அட்டவணையை மேலிடத்துக்கு அனுப்பினேன், அவர்களும் அச்சுக்குக் கொடுக்க ஆயத்தமானார்கள்.

அப்போதுதான் பரமேசு அக்கா அலுவலகத்துக்கு வந்தார்.

இணுவிலில் மாடு வைத்துப் பால் கொடுக்கிற மனுசி. அவருடைய வளவிலும் நாங்கள் ஒரு வேம்பு அளந்திருந்தோம். மகள் சுகன்யாவுக்குச் சீதனமாகப் பின்வளவில் வீடு கட்டுகிறார். சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. நிலை, கதவு, யன்னல்தான் மிச்சம். புது வீட்டில் குடிபூரலுக்கு நாளும் வைத்துவிட்டார். வளவின் நடுவில் நிற்கிற பெரிய வேம்பைத் தறித்தால் அவ்வளவுக்கும் போதுமா என்பதுதான் கேள்வி.

"போதுமெண்டால் தறிக்கிறன். போதாதெண்டால் ஒரு கொப்பிலையும் கைவைக்க விடமாட்டன். அந்த நிழல் போனால் என்ரை மாடுகள் வெயிலுக்கு எங்கை நிக்கிறது? ஒண்டுக்கும் உதவாமல் மரமும் போய் நிழலும் போனால் நான் என்ன செய்யிறது? வடிவாய்ப் பாத்துச் சொல்லும் பிள்ளை."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எங்களிடம் கேள்வி கேட்க முடியாது. மரமா, கதவா? ஒன்றைத்தான் இழக்கலாம், இரண்டையும் இழக்கக்கூடாது. நான் போய் மரத்தைப் பார்த்தேன். நெஞ்சுயரத்தில் சுற்றி நாடா பிடித்தேன், உயரம் எடுத்தேன். ஏறவில்லை. ஏறாமல் சொல்வதற்குத்தானே சமன்பாடு!

வீட்டு வேலை செய்கிற தச்சர் மகேந்திரன் அங்கே நின்றார். மரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"குறையும் போலை கிடக்கு மிஸ்."

"எவ்வளவு குறையும்?"

"அது தெரியாது. குறையும்."

இதுதானே எனக்கு வேண்டும்! மடிக்கணினியை மாட்டுக் கொட்டில் திட்டில் வைத்துத் திறந்து, அந்த மனிதருக்குக் கால்மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கோட்டைக் காட்டினேன், புள்ளிகளைக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் படிச்சனீங்கள்தானே மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே கடிதம் எழுதினேன். முன்கதவுக்கு நிலையும் இரட்டைக் கதவும், அறைக் கதவு மூன்று, யன்னல் ஆறு, எல்லாவற்றுக்கும் மரம் போதும். கீழே கையெழுத்து, முத்திரை.

தறிக்கிற நாள் காலை. நான் அலுவலகத்தில் சுவரில் இருந்த என் வரைபைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறேன். தொலைபேசி அடித்தது. கொக்குவிலில் நாங்கள் மரம் அளந்த ஒருவர்.

"மிஸ், அளந்துபோட்டுப் போய் மூண்டு மாசமாச்சு. எப்ப தீர்ப்பு வரும்?"

"என்ன தீர்ப்பு ஐயா?"

"வேம்பு ஆரின்ரை எண்டு. எங்கடையோ, பக்கத்து வீட்டுக்காரன்ரையோ? உதுக்குத்தானே உங்களை மினைக்கெட்டுக் கூப்பிட்டுக் காட்டினது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜெகனுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னட்டையும் நாலைஞ்சு பேர் அப்பிடிக் கேட்டவை மிஸ். நான் உங்களுக்குச் சொல்லேல்லை, நீங்கள் கோவிப்பியள் எண்டு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதிவுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே, எங்கே நிற்கிறது என்று ஜெகன் சின்னதாக எழுதியிருந்தார். நான் ஒரு நாளும் பார்க்காத பகுதி அது. வேலி. வேலி. எல்லை. வேலி. கிணற்றடி வேலி. வேலி. விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். கிட்டத்தட்ட எல்லாம் வேலி!

யோசித்துப் பாருங்கள். அரசாங்கத்துக் கோப்போடும் அளவு நாடாவோடும் ஒருத்தி படலைக்குள் வந்தால் யாழ்ப்பாணத்துச் சனம் எந்த மரத்தைக் காட்டும்? வளவின் நடுவில் நிற்கிற, சண்டையில்லாத மரத்தையா? இரண்டு வீட்டுக்கும் இடையில் நிற்கிற மரத்தைத்தான் காட்டும். எழுத்தில் ஏறினால் நாளைக்கு உதவும் அல்லவா. நான் வேம்பின் வடிவத்தைப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், சனம் என்னை வைத்துத் தங்கள் வழக்கை நடத்திக்கொண்டிருந்தது.

வேலி வேம்பு வேறு சாதிப் பிறவி என்று வையுங்கள். வருசா வருசம் தோட்டத்துக்குப் பசளையாகக் குழை வெட்டுகிறபோது இரண்டு பக்கத்தாரும் அதைத்தான் போட்டிக்கு வெட்டுவார்கள். கீழ்க்கொப்பு ஒன்றும் தங்காது. அதனால் அடிமரம் நெடுநெடுவென்று உயரத்துக்கும் ஒரே பருமனாக எழும்பும். நடு வளவு வேம்பை ஒருவரும் தொடுவதில்லை. அது தாழக் கிளைத்து, அகலப் பரந்து, முதல் கவர் பிரிகிற இடத்துக்கு மேலே சட்டென்று ஒடுங்கிவிடும். நெஞ்சுயரத்தில் இரண்டும் ஒரே சுற்றளவு காட்டும். மேலே ஒன்றில் பலகை, மற்றதில் விறகு. வேலி மரத்தில் பழகிய என் கோடு, பரமேசு அக்காவின் மரத்தில் இல்லாத பலகையை எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருந்தது.

"மிஸ், இண்டைக்குத்தானே அதைத் தறிக்கினம்?" என்றார் ஜெகன்.

பரமேசு அக்காவுக்கு எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மகேந்திரனுக்கு எடுத்தேன். மரம் அரிகிற மெசின் சத்தத்தில் யாருக்குத் தொலைபேசி கேட்கும்? ஸ்கூட்டியை எடுத்தேன். திருநெல்வேலிச் சந்தையடியில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே எப்படிப் புகுந்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. கொக்குவிலுக்கு வந்தால் ரயில் கடவை பூட்டிக் கிடக்கிறது.

இந்த இடத்தை நான் ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த ரயில் வந்து போகும்வரை நான் நல்ல மனுசியாக இருக்கவில்லை. மரம் விழுந்தே போயிருந்தால் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். உள்ளே பொந்து என்று சொல்லலாம். அரிந்தவன் பழுதாக்கிவிட்டான் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சமன்பாடு எனக்கு மட்டும்தானே தெரியும். அட்டவணை அச்சுக்குப் போகும், என் பெயர் நிற்கும், பரமேசு அக்காவின் மாடுகள் வெயிலில் நிற்கும். ரயிலின் கடைசிப் பெட்டி போனபோது எனக்கு என்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு கடவை பூட்டும். அப்போது இதெல்லாம் உங்களுக்கும் தோன்றும். தோன்றுவது குற்றமில்லை.

வளவுக்குள் ஸ்கூட்டியைச் சரித்துப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பெரிய கொப்புகள் நிலத்தில் கிடந்தன. அடிமரம் நின்றது. மெசின்காரர் அதன் அடியில் குனிந்துகொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

மெசின் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரமேசு அக்கா, மகேந்திரன், மெசின்காரர், மூன்று மாடுகள். என் வாய் உடனே ஒரு பொய்யைத்தான் எடுத்தது.

"கடிதத்திலை ஒரு சின்னப் பிழை. முத்திரை மாறிப் போச்சு. திருத்திக்கொண்டு நாளைக்கு வாறன், அதுக்குப் பிறகு தறியுங்கோ."

"முத்திரைக்கே மிஸ் உப்பிடிப் பறந்து வந்தனீங்கள்?" என்றார் மகேந்திரன். என் தலைக்கவசம் பின்முன்னாகப் போட்டிருந்தது.

பரமேசு அக்கா பக்கத்தில் வந்தார். "உண்மையைச் சொல்லும் பிள்ளை."

சொன்னேன். வேலி மரத்தை வைத்துக் கணக்குப் பண்ணியதையும், இந்த மரம் போதாது என்பதையும், ஏறிப் பார்க்காமல் எழுதித் தந்ததையும் சொன்னேன். மகேந்திரன் என்னை விட்டாரா?

"நான் அண்டைக்கே சொன்னன்."

"ஓம், சொன்னனீங்கள்."

அந்த ஓம் தொண்டையால் வெளியே வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பரமேசு அக்கா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் விழுந்து கிடந்த கொப்புகளைப் பார்த்தார், பிறகு வாசல் திறந்து கிடந்த புது வீட்டைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளும் வைச்சாச்சு. கதவில்லாத வீட்டுக்கை பிள்ளையை எப்பிடி அனுப்புறது? சரி, உம்முடைய கணக்கு எந்த மரத்துக்குத்தான் சரிவரும்?"

"வேலியிலை நிக்கிற மரத்துக்கு, அக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வேலியைப் பார்த்தோம். அங்கே நாங்கள் முன்பு அளந்த வேம்பு நின்றது. அதன் பக்கத்தில், கிடுகு வேலிக்கு மேலால் ஒரு தலையும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சபாரத்தினம் அண்ணை. தொடக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?" என்றார்.

அந்த மரத்தால் இரண்டு வீட்டுக்கும் வருசக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. கதைப்பதென்றால் மூன்றாம் ஆள் வேண்டும். அன்றைக்கு மூன்றாம் ஆள் நான்.

"பிள்ளை, உவரிட்டைச் சொல்லும், என்ரை மரத்தைத் தறிக்கப்போறன் எண்டு."

"மிஸ், அவவிட்டைச் சொல்லுங்கோ, மரம் என்ரை. ஆனால் சுகன்யாப் பிள்ளையின்ரை வீட்டுக்கெண்டால் நான் குடுக்கிறன்."

"என்ரை மரத்தை எனக்குக் குடுக்க உவர் ஆர்?"

"வேண்டாமெண்டால் விடட்டும்."

இருவரும் இரண்டடி தூரத்தில் நின்று என் காதுக்குள் கத்தினார்கள். சம்மதக் கடிதம் ஒன்று எழுதலாம் என்றேன்; மரம் யாருடையது என்று அதில் எழுதச் சொன்னார்கள். அது சமன்பாட்டில் வராது என்றேன். கடைசியில் 'இரு வீட்டாரின் சம்மதத்துடன் இணுவில் வேம்பு' என்று எழுதினேன். யாருடைய வேம்பு என்று எழுதவில்லை. சபாரத்தினம் அண்ணை பேனையை வாங்குமுன் ஒரு நிபந்தனை போட்டார். புது வீட்டில் தன் வளவைப் பார்க்கிற யன்னல் ஒன்று வருகிறதாம், அது கூடாது.

"பாப்பம் எண்டு சொல்லும் பிள்ளை" என்றார் பரமேசு அக்கா. அவரும் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மரம் எல்லாத்துக்கும் காணுமோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஜெகனுக்கு எடுத்து, அவர் ஏறி அளந்த அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, மகேந்திரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். "கதவு எல்லாம் வரும். யன்னலிலை ஒண்டு கூடினாலும் கூடும், ஒண்டு குறைஞ்சாலும் குறையும்" என்றேன்.

"இப்பிடிச் சொல்லத் தெரிஞ்ச நீர் முதல் கடிதத்திலை ஏன் அப்பிடி எழுதினனீர்?"

அந்த முதல் கடிதத்தை அவரிடம் திருப்பி வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது.

அன்று பின்னேரமே மேலிடத்துக்கு எடுத்து, அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம் என்றேன். கொடுப்பதென்றால் முகப்பில் 'வேலி மரங்களுக்கு மட்டும்' என்று போடுங்கள் என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேலிடத்துப் பெரியவர் ஒருவர்தான் கூட்டத்தில் வைத்து எனக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். நடு வளவு மரங்களை அளந்து முடிக்க எங்களுக்கு இன்னொரு வருசம் பிடித்தது. மரத்தைக் காட்டுகிறவருக்கு அதில் என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்காமல் நாடாவை எடுக்காதீர்கள். எனக்கு அந்த ஒரு வருசம் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

வேலி வேம்பு விழுந்து, பலகை அரிகிற மரக்காலைக்குப் போனது. நானும் போனேன், நிம்மதியாக இருக்க முடியவில்லை. வாள் பாதியில் கிறீச்சென்று கத்தி நின்றது. உள்ளே ஆணி! இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எல்லைக் கம்பி அடிக்கிறோம் என்று இரண்டு பக்கத்தாரும் வருசா வருசம் அறைந்த ஆணிகளை மரம் விழுங்கி வைத்திருந்தது.

"உவர் அடிச்ச ஆணி."

"அவ அடிச்சது. என்ரை ஆணி உப்பிடிக் கறள் பிடியாது."

ஆணி இருந்த துண்டை எறியவேண்டி வந்தது. மிச்சத்தை மகேந்திரன் அடுக்கி அளந்தார். நிலை வந்தது, இரட்டைக் கதவு வந்தது, அறைக் கதவு மூன்றும் வந்தன. யன்னல் ஐந்து. நான் மூச்சு விட்டேன். ஒன்று குறைந்ததற்கு ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை.

ஒரு யன்னல் இல்லை என்றதும் சபாரத்தினம் அண்ணைக்கு வாயெல்லாம் பல். "மிஸ், அவவிட்டைச் சொல்லுங்கோ, என்ரை பக்கத்து யன்னலை விடச்சொல்லி. கணக்கும் சரி, நான் கேட்டதும் சரி."

நான் பரமேசு அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மகேந்திரன், குசினி யன்னலை விடும். கதவாலை புகை போகட்டும். வேலிப் பக்கத்து யன்னல் இருக்கத்தான் வேணும்." பிறகு அவர் சபாரத்தினம் அண்ணையை நேரே பார்த்தார். "மரமும் போயிட்டுது. அந்த யன்னலும் இல்லாட்டில் இனி நான் உங்களோடை எதுக்குச் சண்டை பிடிக்கிறது?"

சபாரத்தினம் அண்ணை மரத்தில் இருந்து வந்த ஆணி ஒன்றை எடுத்தார். அந்தக் கறள் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பிடியெண்டால் கொஞ்சம் பெரிசாய் வையுங்கோ" என்றார். "உங்கடை சத்தம் எனக்கு இப்ப வடிவாய்க் கேக்கிறேல்லை."